கேஸ் ரிஜெக்ட் என்று செய்தி வந்தால் யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்

கனடாவில் தம்பியின் அகதிக் கேஸ் ரிஜெக்ட் என்று இரவு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் விடியமுன்னம் எல்லாரும் கடிதம் சேர்க்கக் கிளம்பிவிடுவார்கள். விதானையாரிடம் (கிராம சேவகரிடம்) ஒன்று, கோயில் ஐயரிடமோ ஃபாதரிடமோ ஒன்று, தெரிந்த அரசியல்வாதியிடம் ஒன்று. மொழிபெயர்ப்புக்கு அவை என் மேசைக்குத்தான் வரும், பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும் அதே வசனங்களோடு.

கொஞ்சம் பொறுங்கள். முதலில் தம்பியிடம் நிராகரிப்புக் கடிதம் எந்தத் திகதி கைக்கு வந்தது, யார் கொடுத்தது என்று கேளுங்கள். கனடாவுக்குள் எடுத்த முடிவை ஃபெடரல் கோர்ட்டுக்குக் கொண்டுபோக 15 நாள்தான். அவுஸ்திரேலியாவில் 35 நாள். அமெரிக்காவில் குடிவரவு மேன்முறையீட்டுச் சபையும் கைவிரித்த பிறகு மேல் நீதிமன்றத்துக்குப் போக 30 நாள். கனடாவில் முதல் விசாரணையில் தோற்றவர் பெரும்பாலும் முதலில் அகதி மேன்முறையீட்டுப் பிரிவுக்குத்தான் போக வேண்டும், நேரே கோர்ட்டுக்கு அல்ல.

இனித்தான் முக்கியமான விஷயம். தம்பிக்கு உண்மையில் அடி விழுந்ததா என்று கோர்ட் மறுபடி விசாரிக்காது, முடிவெடுத்தவர் சரியாக யோசித்தாரா, காரணம் சொன்னாரா என்றுதான் பார்க்கும். அதனால் புதுக் கடிதங்களைப் பொதுவாக அங்கே எடுக்கமாட்டார்கள். தீர்ப்பை முழுக்க வாங்கி, தம்பியின் பழைய வாக்குமூலத்தைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக வாசியுங்கள். "கைதான திகதியைச் சொல்லவில்லை" என்று தீர்ப்பில் இருக்கும், வாக்குமூலத்தின் ஆறாம் பக்கத்தில் அந்தத் திகதி இருக்கும். மருத்துவ அறிக்கையைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. இந்த மாதிரி இரண்டு இடம் கிடைத்தால் அது பத்துக் கடிதத்துக்குச் சமம், பக்க எண்ணோடு உடனே லோயருக்கு அனுப்புங்கள். வென்றாலும் விசா கையில் வராது, வழக்கு வேறொருவரிடம் மறுவிசாரணைக்குத் திரும்பும், அவ்வளவுதான்.

சித்திரவதை விஷயத்தைத் தனியாகப் பாருங்கள். அகதி என்று ஏற்க இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து என்ற ஐந்தில் ஒரு காரணம் வேண்டும். ஐநா சித்திரவதை உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரை அப்படிக் கேட்பதில்லை, திருப்பி அனுப்பினால் அரச ஆட்களாலோ அவர்கள் கண்டும் காணாமல் விடுவதாலோ சித்திரவதை நடக்குமா என்றுதான் கேட்கிறது. அமெரிக்காவில், வந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டிய கெடு தவறி அசைலம் (அகதித் தஞ்சம்) கிடைக்காமல் போனவருக்கும் இந்தக் கதவு மூடாது, ஆனால் சித்திரவதை நடப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று காட்ட வேண்டும். "நம்பமுடியவில்லை" என்ற ஒரே சொல்லில் அகதிக் கோரிக்கை, சித்திரவதைக் கோரிக்கை இரண்டையும் சேர்த்துத் தள்ளியிருந்தால் அதையும் லோயரிடம் சொல்லுங்கள்.

தழும்பு இருந்தால் இன்னொன்று. சூடுபட்ட தழும்புகளோடு போன ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், காயம் அவர் சொன்ன விதத்தோடு பொருந்துகிறதா என்று மருத்துவர் கருத்துச் சொல்லலாம் என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்த்தது. ஆகவே இங்கே தேட வேண்டியது பழைய கடதாசிகளை: ஆஸ்பத்திரி டயக்னோசிஸ் கார்ட், தடுப்பிலிருந்து விட்ட கடிதம், ஐசிஆர்சி (செஞ்சிலுவைக் குழு) அட்டை, மனித உரிமை ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்த துண்டு. முன்பே கொடுத்திருந்தால் கோர்ட்டில் பேச்சு வரும், இல்லாவிட்டால் மறுவிசாரணைக்கு உதவும். திகதி மங்கிப்போயிருந்தால் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள், பேனையால் மேலே எழுத வேண்டாம்.

கடைசியாக, கோர்ட்டில் போட்டாச்சு, இனி பிளேனில் ஏற்றித் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று இருந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் நாடுகடத்தலை நிறுத்தத் தனி மனு வேண்டும், கனடாவில் எந்த முடிவை எதிர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லோயரிடம் காசு கட்டுகிற அன்றே இதைக் கேட்டுவிடுங்கள்.