இரண்டு உச்சிகளும் சேர்ந்தே நகர்ந்தன

பினாங்கு பாயான் லெப்பாஸில் நுண்ணிய கால்வாய்களில் திரவம் ஓடும் மைக்ரோஃப்ளூயிடிக் சிப்புகளின் மின்முனைகளைச் சோதிப்பது என் வேலை. ஃபெர்ரி-ஃபெர்ரோசயனைடு கரைசலில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குவோம்; ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என மின்னோட்டத்தில் இரண்டு உச்சிகள் வரும். ஒருநாள் அந்தச் சோதனையில் எல்லாச் சிப்புகளிலும் உச்சிகள் 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் எதிர்மின் பக்கம் தள்ளி நின்றன. மின்முனை அச்சிட்ட கார்பன் மை கெட்டுவிட்டது என்று மொத்தத் தொகுதியையும் ஒதுக்கப் பார்த்தார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மை கெட்டிருந்தால் இரு உச்சிகளுக்கும் நடுவில் இடைவெளி விரிந்திருக்கும். அது அப்படியே இருந்தது. அப்படியானால் நகர்ந்தது, மின்னழுத்தத்தை எதை வைத்து அளக்கிறோமோ அந்த ஒப்பீட்டு முனைதான். சிப்பில் அது வெறும் வெள்ளி-வெள்ளி குளோரைடு பூச்சு, தனக்கென உட்கரைசல் கிடையாது. வெளியே கரைசலில் குளோரைடு பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அதன் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் நகரும்.

சோதனைக்கு ஊற்றும் பஃபர் கரைசலின் புட்டியைப் பார்த்தேன். பொட்டாசியம் குளோரைடு 0.1 மோலாருக்குப் பதில் 0.01. புதிதாகக் கலக்கியதும் உச்சிகள் பழைய இடத்துக்கே வந்துவிட்டன. நல்ல சிப்புகள், பாவம், குப்பைக்குப் போயிருக்கும்.