கடைக்கு வெப்சைட் போடப் போகிறீர்களா? டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும்

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் என் அக்காவின் கடைக்கு வெப்சைட் செய்துகொடுத்தவர், டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரியை, தன் பெயரிலேயே பதிந்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து ஆளை மாற்ற நினைத்தபோதுதான் தெரிந்தது, விசிட்டிங் கார்டு, பை, பில் புத்தகம் எல்லாவற்றிலும் அச்சடித்திருந்த அந்த முகவரி எங்களுடையதே இல்லை என்று. அதனால் டொமைனையும், வெப்சைட்டை வைக்கும் சர்வர் இடமான ஹோஸ்டிங்கையும் உங்கள் மெயில் ஐடியில் நீங்களே வாங்குங்கள், டெவலப்பருக்கு லாகின் மட்டும் கொடுங்கள்.

பட்ஜெட்டில் ஒரு தடவைச் செலவையும் வருடா வருடம் வரும் செலவையும் தனித்தனியாக எழுதுங்கள். முதல் வருடச் சலுகை விலையை நம்பாதீர்கள், புதுப்பிக்கும்போது எவ்வளவு என்று கேளுங்கள். கொட்டேஷனில் 18% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெப்சைட்டில் போய்வரும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கேட்டால், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது என்று சொல்லுங்கள். ஆன்லைனில் பணம் வாங்கினால், அதை வாங்கித்தரும் பேமெண்ட் நிறுவனத்துக்குக் கமிஷனும் உண்டு: 2% என்றால் 1,000 ரூபாய் சேலைக்கு 20 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி 3.60.

அப்புறம் போட்டோ. சுங்குடியின் புள்ளி தெரியாத படத்தைப் பார்த்து யாரும் வாங்க மாட்டார்கள். பகல் வெளிச்சத்தில் முந்தானையை விரித்துப் போட்டு, முடிச்சுப் போட்ட இடம் தெரிகிற மாதிரி எடுங்கள்.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணை, உங்கள் போனிலிருந்து நீங்களே ஓர் ஆர்டர் போட்டுப் பார்த்து, பாஸ்வேர்டு எல்லாம் கைக்கு வந்த பிறகுதான். எத்தனை பக்கம், எத்தனை திருத்தம், எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும்.