கழித்தல் குறி எங்கே போச்சு? ஆர் மொழியில் சிதறல் வரைபட அணி

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. மச்சான் வண்டி ஓட்ட, ஒவ்வொரு வளைவிலும் ஓரங்கட்டி உயரம், வெப்பம், ஈரப்பதம், மணி நான்கையும் நோட்டில் எழுதினேன். சாயங்காலம் இறங்கும்போதும் அதே வேலை. மொத்தம் 40 வரிசை. பின்னால் வந்த வண்டிக்காரர்கள் திட்டியதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எது எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பார்க்க, ஒவ்வொரு ஜோடிப் பத்திக்கும் ஒரு புள்ளிப் படம் என்று எல்லாவற்றையும் ஒரே கட்டத் தாளில் அடுக்குவதுதான் சிதறல் வரைபட அணி. ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியை நிறுவுவது, சிஎஸ்வி கோப்பைத் திறப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பேர்ஸ் (pairs) கட்டளைக்குள் எண் பத்திகளை மட்டும் கொடுங்கள். நான்கு பத்திக்கு 16 கட்டம் வரும். மூலைவிட்டத்தில் பெயர்கள், மற்ற 12-இல் படங்கள். ஆனால் ஒரே ஜோடிதான் அச்சு மாறி இரண்டு தடவை வருகிறது. அதனால் மேல் பாதியில் ஒட்டுறவுக் கெழுவை எழுதிவிடலாம். இரண்டு பத்திகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று -1 முதல் 1 வரை சொல்லும் எண் அது; ஒன்று கூட மற்றது குறைந்தால் கழித்தல் குறியோடு வரும்.

படி 2: லோயர்.பேனல் என்ற இடத்தில் பேனல்.ஸ்மூத் கொடுங்கள். புள்ளிகளோடு ஒரு வளைகோடும் வரும். அப்பர்.பேனலுக்கு, கெழுவை எழுதும் பேனல்.கார் (panel.cor) வேண்டும். இது ஆரில் தயாராக இல்லை. பேர்ஸின் உதவிப் பக்கத்தில் கடைசியில் எடுத்துக்காட்டாக இருக்கிறது, எல்லாரும் அதைத்தான் நகலெடுக்கிறோம்.

படி 3: இங்கேதான் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். உயரம் கூடினால் வெப்பம் குறையும். 1000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி என்பது பாடப்புத்தகக் கணக்கு. கீழ்க் கட்டத்தில் புள்ளிகளும் ஒழுங்காகச் சரிந்து இறங்கின. மேல் கட்டத்திலோ ஒன்றை ஒட்டி ஒரு எண், கழித்தல் குறியே இல்லாமல்! நோட்டைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். தப்பு நோட்டில் இல்லை. நகலெடுத்த பேனல்.காரில் கெழுவைச் சுற்றி ஆப்ஸ் (abs) என்று ஒரு சொல் இருக்கிறது. அது குறியைத் தூக்கிவிட்டு அளவை மட்டும் தரும்.

அதை அழித்தால் மட்டும் போதாது. கடைசி வரியில் எழுத்தின் பருமனும் இதே எண்ணால் பெருக்கப்படுகிறது. பருமன் கழித்தலில் போக முடியாதே. அந்தப் பெருக்கலையும் எடுத்துவிட்டு, பருமன் 1.5 என்று நிலையாக வைத்தேன். கெழு சிறிதானால் எழுத்தும் எறும்பு அளவுக்குச் சுருங்கி, கட்டம் காலி போலத் தெரியும் தொல்லையும் இதோடு ஒழிந்தது.

பேனல்.காரில் யூஸ்ஆர் (usr) என்று வரும் வரியில் கை வைக்காதீர்கள். கட்டத்தின் அளவுகோலை 0 முதல் 1 வரை மாற்றுவது அதுதான். அது இல்லாவிட்டால் 0.5 என்ற இடம் நம் உயர அச்சில் எங்கோ கட்டத்துக்கு வெளியே விழும், எழுத்தே தெரியாது. பேனல்.காரின் முதல் வரி அடைப்புக்குள் கடைசியில் இருக்கும் மூன்று புள்ளியும் அப்படித்தான். அதை விட்டால், அடுத்த படியில் நிறம் கொடுத்ததும் பிழைச்செய்தி வரும்.

படி 4: ஏறியதற்கு ஒரு நிறம், இறங்கியதற்கு ஒரு நிறம். புள்ளியின் வடிவத்துக்கு பிசிஎச் (pch) 21 வைத்து, உள்நிறத்துக்கான பிஜி-யில் (bg) இரண்டு நிறங்களைக் கொடுத்து, ஏறியதா இறங்கியதா என்று எழுதிய திசைப் பத்தியால் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறம் பிரித்த பிறகுதான் ஒன்று உறைத்தது: ஏறும்போது மட்டும் அளந்திருந்தால் உயரமும் மணியும் சேர்ந்தே கூடியிருக்கும், குளிர்ச்சி எதனால் என்று பிரிக்கவே முடியாது.

ஜிஜிபேர்ஸ் (ggpairs) என்ற இன்னொரு கட்டளை இதையெல்லாம் ஒரே வரியில் செய்யுமே என்பீர்கள். செய்யும். பத்தி கூடினால் ஆமை வேகம், உள்ளே நடப்பதும் தெரியாது. என் ஓட்டு பழைய பேர்ஸுக்குத்தான்.

பின்சேர்க்கை: செய்து பார்த்த ஒருவர், எல்லாம் வெறும் வட்டமாக வருகிறது என்றார். ஆர் 4.0.0 (2020) முதல் கோப்பைப் படிக்கும்போது சொற்கள் தானாக ஃபேக்டர் (எண்ணிட்ட வகைகள்) ஆவதில்லை. திசைப் பத்தியை ஃபேக்டராக மாற்றினால் நிறம் வந்துவிடும்.

இன்னொருவருக்கு ஒரு பத்தியின் கெழுக்கள் முழுக்க என்ஏ, அதாவது மதிப்பு இல்லை. எனக்கும் வந்தது, ஏழாவது வளைவில் பேருந்துக்கு வழிவிட்ட அவசரத்தில் ஈரப்பதத்தை எழுத மறந்துவிட்டேன். பேனல்.காரில் கெழுவைக் கணக்கிடும் கார் (cor) கட்டளைக்குள் யூஸ் (use) என்பதற்கு கம்ப்ளீட்.ஆப்ஸ் (complete.obs) என்று கொடுங்கள். ஈரப்பதக் கட்டங்கள் 39 வரிசையிலும் மற்றவை 40 வரிசையிலும் கணக்காகும்.