மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும், 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட்டும் மொத்த மின்னஞ்சல் அனுப்புவோருக்கான விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அதுவரை நல்ல வழக்கம் என்ற அளவில் சொல்லப்பட்டுவந்த எஸ்பிஎஃப் (ஒரு டொமைனின் பெயரில் எந்தெந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மின்னஞ்சலில் இடப்படும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (சோதனையில் தேறாத மின்னஞ்சலை என்ன செய்வது என்று டொமைன் உரிமையாளர் அறிவிக்கும் கொள்கை) ஆகிய மூன்றும் அன்றுமுதல் கட்டாயமாகிவிட்டன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல்களை எட்டிவிட்ட டொமைனை கூகுள் மொத்த அனுப்புநராகக் கருதுகிறது. பிறகு எண்ணிக்கை குறைந்தாலும் அந்த நிலை மாறுவதில்லை. சப்டொமைன்களில் (முதன்மை டொமைனின் கீழ் அமையும் துணைப் பெயர்களில்) பிரித்து அனுப்பினால் வரம்புக்குள் நின்றுவிடலாம் என்று நினைப்பதும் தவறு. அவை அனைத்தும் முதன்மை டொமைனின் கணக்கிலேயே சேரும்.

நான் அடிக்கடி காணும் தவறு, எஸ்பிஎஃப்பும் டிகிமும் தேறிவிட்டதைப் பார்த்தவுடன் வேலை முடிந்தது என்று நிம்மதி அடைவது. ஒரு நிறுவனம் தன் செய்திமடலை வெளிச் சேவை ஒன்றின் வழியாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜிமெயிலில் அந்த மின்னஞ்சலின் மூல வடிவத்தைத் திறந்தால் எஸ்பிஎஃப் தேறியிருக்கும், டிகிமும் தேறியிருக்கும், ஆனால் டிமார்க் தோற்றிருக்கும். காரணம் எளியது. எஸ்பிஎஃப் சோதிப்பது பெறுநரின் கண்ணில் படும் அனுப்புநர் முகவரியை அல்ல, மின்னஞ்சல் திரும்பி வந்தால் சேர வேண்டிய உறை முகவரியை. அந்த முகவரி சேவை நிறுவனத்தின் டொமைனில் இருக்கிறது. டிகிம் கையொப்பமும் அதே சேவை நிறுவனத்தின் பெயரில்தான் போடப்பட்டிருக்கிறது. ஆக, இரண்டு சோதனைகளும் வேறொருவருடைய அடையாளத்தையே உறுதிசெய்தன. கடிதத்தில் அனுப்புநராகக் காட்டப்படும் பெயருக்கு யாரும் சாட்சி சொல்லவில்லை. டிமார்க் தேற வேண்டுமானால், இரண்டில் ஒன்றாவது அந்தப் பெயரின் டொமைனோடு பொருந்த வேண்டும். சேவை நிறுவனம் தரும் டிகிம் பதிவுகளை உங்கள் டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரங்களை இணையத்துக்குச் சொல்லும் பொதுப் பதிவேட்டில்) சேர்த்து, உங்கள் டொமைனின் பெயரிலேயே கையொப்பம் இடச் செய்வதுதான் உறுதியான வழி. மின்னஞ்சலை ஒருவர் இன்னொரு கணக்குக்குத் தானாகத் திருப்பிவிடும்போது எஸ்பிஎஃப் பெரும்பாலும் முறிந்துவிடும். உள்ளடக்கம் மாறாத வரையில் டிகிம் நிலைத்து நிற்கும்.

எஸ்பிஎஃப் பதிவில் நேரும் பிழைகள் தனி வகை. புதிய சேவை ஒன்றைச் சேர்க்கும்போது, ஏற்கெனவே உள்ள பதிவைத் திருத்தாமல் இரண்டாவதாக ஒரு பதிவை இட்டுவிடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அடுத்தது, ஒரு சோதனைக்குப் 10 டிஎன்எஸ் தேடல்கள் என்ற உச்சவரம்பு. அலுவலக மின்னஞ்சல், செய்திமடல், பில்லிங் மென்பொருள், வாடிக்கையாளர் உதவி மையம் என்று நான்கு சேவைகளைச் சேர்த்தால் நான்கு தேடல்கள்தானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் தனக்குள் மேலும் சில தேடல்களை வைத்திருப்பதால், பதிவைப் பார்த்து எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க முடியாது. வரம்பைத் தாண்டினால் சோதனை முழுவதுமே பிழையாக முடியும். பயன்பாட்டில் இல்லாத சேவைகளை நீக்குவதே முதலில் செய்ய வேண்டியது.

டிமார்க் கொள்கையை எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்ற தொடக்க நிலையில் இட்டு, அறிக்கை பெறும் முகவரியைக் கொடுக்காமல் விடுவது விதியின் எழுத்தை மட்டும் நிறைவேற்றும். உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்பதை அந்த அறிக்கைகளில்தான் காண முடியும். அதற்கு நேர் எதிராக, அறிக்கைகளைச் சில வாரங்களாவது படிக்காமல் முதல் நாளே முற்றிலும் நிராகரி என்று மாற்றிவிடுவது இன்னும் ஆபத்தானது: யாரும் நினைவில் வைத்திருக்காத பழைய சர்வர் ஒன்றிலிருந்து போகும் கடவுச்சொல் மீட்பு மின்னஞ்சல்கள் ஒன்றுகூட வாடிக்கையாளரைச் சென்றடையாமல் போகலாம். அந்த மின்னஞ்சலுக்காகக் காத்திருப்பவருக்கு டிஎன்எஸ் பற்றி எதுவும் தெரியாது. தன் கணக்குக்குள் நுழைய முடியவில்லை என்பது மட்டுமே தெரியும்.

அனுப்பும் சர்வரின் ஐபி முகவரிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவு (அந்த முகவரி எந்தப் பெயருக்கு உரியது என்று காட்டும் பதிவு) இருக்க வேண்டும், இணைப்பு டிஎல்எஸ் குறியாக்கத்துடன் இருக்க வேண்டும், கையொப்பமிடப் பயன்படும் டிகிம் சாவி குறைந்தது 1024 பிட், முடிந்தால் 2048 பிட் இருக்க வேண்டும். சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் இவற்றை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

விளம்பர மின்னஞ்சல்களுக்கு ஒரே சொடுக்கில் சந்தாவிலிருந்து விலகும் வசதி வேண்டும் என்ற விதியை, கடிதத்தின் அடியில் ஓர் இணைப்பு வைத்தால் போதும் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அந்த இணைப்பும் இருக்க வேண்டியதுதான். ஆனால் விதி கேட்பது மின்னஞ்சலின் ஹெடர் எனப்படும் தலைப்புப் பகுதியில் இடப்படும் தனிக் குறிப்புகளை. அந்தக் குறிப்புகளையும் டிகிம் கையொப்பம் உள்ளடக்க வேண்டும். கோரிக்கையை இரண்டு நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். விலக வந்தவரை லாகின் செய்யச் சொல்லும் பக்கத்துக்கு அனுப்பினால், அவர் திரும்பிப் போய் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். அப்படி வரும் புகார்களின் விகிதத்தை 0.1 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளுமாறு கூகுள் கேட்கிறது, 0.3 சதவீதத்தை எட்டிவிட்டால், மூன்று சோதனைகளும் தேறிய மின்னஞ்சல்கூட ஸ்பேம் பெட்டிக்குப் போகக்கூடும்.