'அல்ல'வா, 'இல்லை'யா: எதை எங்கே எழுதுவது?

மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தால் என் சிவப்புப் பேனா அதிகம் நிற்கும் இடம் இதுதான். பேச்சில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போதும். எழுத்தில் இரண்டையும் பிரித்து வைத்தால் பொருள் துலங்கும்.

ஒரு சின்ன சோதனை. மறுப்பை எடுத்துவிட்டு வாக்கியத்தைத் திருப்பிப் பாருங்கள். 'இருக்கிறது' வந்தால் 'இல்லை': பெட்டிக்குள் பாம்பு இருக்கிறது, பெட்டிக்குள் பாம்பு இல்லை. 'இருக்கிறது' பொருந்தாமல், 'இது பாம்பு' என்று மட்டும் நின்றால் 'அல்ல': இது பாம்பு அல்ல, கயிறு. முதலாவது இருப்பை மறுக்கிறது, இரண்டாவது தன்மையை.

அப்புறம், மரபிலக்கணப்படி 'அல்ல' அஃறிணைப் பன்மைக்கு உரியது. அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. இன்று எல்லாவற்றுக்கும் 'அல்ல' எழுதுகிறோம். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் 'அல்லர்' என்று ஒருவர் எழுதியிருந்தால் ஆசையாக அப்படியே விட்டுவிடுவேன். 'இல்லை'க்கு இந்தத் தொல்லையே கிடையாது, ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்கிறது நன்னூல்.

வினையோடு வருவது 'இல்லை' மட்டுமே. வரவில்லை, பார்க்கவில்லை என்று சேர்த்தே எழுதுங்கள்.