கிண்டிக் காட்டுக்கு நல்ல மனத்தோடு நாம் செய்யும் கெடுதல்கள்

சென்னையின் கிண்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டு வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், பாதிப் பேர் "அங்கே ஒன்றுமே இல்லையே" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 'பூங்கா' என்ற சொல் அப்படி ஏமாற்றிவிடுகிறது. பூங்கா என்றால் ஊஞ்சலும் சிமெண்ட் பெஞ்சும் ஐஸ்கிரீம் வண்டியும்தானே நம் நினைவுக்கு வரும்? ஆனால் 'கிண்டி தேசியப் பூங்கா' என்ற பலகைக்குப் பின்னால் இருப்பது காடு. 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்த 2.7 சதுர கிலோமீட்டருக்கும் புலிகள் உலவும் முதுமலைக்கும் ஒரே சட்டம்தான், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். நாம் டிக்கெட் எடுத்துப் பார்ப்பது ஓரத்தில் இருக்கும் சிறுவர் பூங்காவையும் பாம்புப் பண்ணையையும் மட்டுமே. உள்காட்டுக்குள் கால் வைக்க வனத்துறையின் அனுமதி வேண்டும்.

ஒரு பக்கம் ஐஐடி, இன்னொரு பக்கம் ஆளுநர் மாளிகை, வெளியே சர்தார் பட்டேல் சாலையின் ஓயாத இரைச்சல். இத்தனைக்கும் நடுவே சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய புதர்க்காட்டின் மிச்சம் ஒன்று அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. வெளிமான், புள்ளிமான், நரி, கீரி, மரநாய், நட்சத்திர ஆமை எல்லாம் அதற்குள் பிழைக்கின்றன. இதன் அக்கம்பக்கத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். நான் பார்த்தவரையில், இந்தக் காட்டுக்கு நேரும் அன்றாடக் கெடுதல்களில் பெரும்பாலானவை பொல்லாதவர்களால் வருவதில்லை. மானைக் கண்டதும் மனம் இளகிப்போகிறவர்களால் வருகின்றன. அவர்களிடம் எடுத்துச் சொல்வதுதான் கடினம். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

வேலிக்கு மேலே நீளும் கை

ஒரு தந்தை தன் பெண் குழந்தையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். குழந்தையின் கையில் பிஸ்கட். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளிமான் கழுத்தை நீட்டுகிறது. பார்க்க அழகான காட்சிதான். அந்த மானின் வயிற்றுக்குள் அதற்குப் பிறகு நடப்பது யாருக்கும் தெரிவதில்லை.

மான் அசைபோடும் பிராணி. அதன் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. புல்லையும் தழையையும் மெல்ல மெல்லப் புளிக்கவைத்து, மானுக்கு உணவாக்கித் தருபவை அவைதான். பிஸ்கட், ரொட்டி, சோறு, பொரி போன்ற மாவுப்பண்டங்கள் உள்ளே போனால் அவை மளமளவென்று புளித்து அமிலத்தைப் பெருக்குகின்றன. நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் சாகின்றன. வயிறு உப்பி, அசைபோடுவது நின்று, மான் சுருண்டு படுக்கிறது. அளவு மிஞ்சினால் செத்தும் போகிறது. கிராமத்தில் மாடு வளர்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. பந்தி முடிந்த இடத்தில் மிச்சச் சோற்றை ஏகத்துக்கும் தின்ற மாடு வயிறு ஊதிக் கிடப்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

இதைவிடக் கொடியது, பண்டம் தீர்ந்தபின் கீழே விழும் உறை. உப்பும் எண்ணெயும் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறை மானின் மூக்குக்குத் தின்பண்டமாகவே படுகிறது. மென்று விழுங்கிவிடுகிறது. அது முதல் இரைப்பையைத் தாண்டிப் போகாது, செரிக்கவும் செரிக்காது. ஒன்றோடொன்று பின்னிப் பந்தாகி இடத்தை அடைத்துக்கொள்கிறது. வயிறு நிறைந்திருப்பதாக நினைத்தபடியே மான் பட்டினியால் மெலிகிறது. இந்த நகரத்தில் இறந்துபோன மான்களின் வயிற்றிலிருந்து பிரேதப் பரிசோதனையில் பிளாஸ்டிக் பொதிகள் எடுக்கப்பட்ட செய்தி புதிதல்ல. காடு மதிலோடு முடிந்தாலும் குப்பை முடிவதில்லை. மதிலோரத்தில் நாம் கட்டிப்போடும் குப்பைப் பையைக் காகமும் நாயும் கிழிக்கின்றன, காற்று மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஆகவே காட்டுப் பக்கம் போகிற அன்று மட்டும் ஒழுங்காக இருந்தால் போதாது.

குரங்குக்குக் கொடுப்பதும் இதே கதைதான், முடிவு வேறு. பழகிய குரங்கு கேட்டு வாங்காது, பறிக்கும். பிறகு "குரங்குத் தொல்லை" என்று நாமே மனு எழுதுவோம், அதைக் கூண்டு வைத்துப் பிடித்து எங்கோ கொண்டுபோய் விடுவார்கள். முதல் வாழைப்பழத்தைக் கொடுத்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

தனியாகக் கிடக்கும் குட்டி

புதரடியில் ஒரு மான்குட்டி அசையாமல் சுருண்டு கிடக்கும். தாயைக் காணோம். "ஐயோ பாவம், அநாதையாகிவிட்டது" என்று தூக்கி வந்துவிடுகிறார்கள். ஐஐடி வளாகம் போல மான்கள் மனிதர்களோடு கலந்து திரியும் இடங்களில் இந்தத் தவறுக்கு வாய்ப்பு அதிகம். பிறந்த முதல் சில நாட்களில் குட்டியை மறைவில் படுக்கவைத்துவிட்டுத் தாய் மேயப் போவது மான்களின் வழக்கம். ஓட வலுவில்லாத குட்டிக்கு அசையாமல் கிடப்பதுதான் பாதுகாப்பு. தாய் வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி போகும். நாம் பக்கத்திலேயே நின்றால் தாய் வராது. காயமோ, எறும்பு மொய்ப்போ, பக்கத்தில் தாய் செத்துக் கிடப்பதோ கண்ணில் படாதவரை செய்ய வேண்டியது ஒன்றுதான்: நகர்ந்துவிடுவது. சந்தேகமாக இருந்தால் வனத்துறைக்குச் சொல்லலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து பசும்பால் புகட்டுவது அன்பின் பெயரால் நடக்கும் பிள்ளைக்கடத்தல்.

மரம் நடுவதும் தவறாகலாம்

இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. மரம் நடுவது புண்ணியம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் வெளிமானின் பெயரையே கொஞ்சம் கவனியுங்கள். வெளியில் வாழ்வதால் அது வெளிமான். சங்கப் புலவர்கள் 'இரலை' என்று அழைத்த முறுக்குக்கொம்பு மான் இதுதான். மழை பெய்து பசுமை கண்ட முல்லை நிலத்தின் திறந்த வெளியில்தான் அவர்கள் அதைத் துள்ளவிட்டார்கள்.

வெளிமான் புதருக்குள் பதுங்கிப் பிழைக்கும் விலங்கு இல்லை. தொலைவிலேயே ஆபத்தைக் கண்ணால் கண்டு, ஓடித் தப்பிக்கும் விலங்கு. இந்த நாட்டின் மிக வேகமான ஓட்டக்காரர்களில் ஒன்று. கறுத்த முதுகும் திருகிய கொம்பும் கொண்ட ஆண், அதாவது கலைமான், தன் எல்லையைக் காட்டி நிற்பதற்கும், பழுப்பு நிறப் பெட்டைகள் கூட்டமாக மேய்வதற்கும் அதற்கு முன்னால் தடையில்லாத புல்வெளி விரிந்திருக்க வேண்டும். அங்கே மரக்கன்றுகளை நட்டு அடைத்துவிட்டால் புல் நிழலில் மடியும். பார்வை மறையும். நாயோ நரியோ பக்கத்தில் வரும்வரை மானுக்குத் தெரியாது. நாம் நடாமலேயே உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் இப்படிப்பட்ட வெளிகளை விழுங்குகின்றன. நாமும் கடப்பாரையோடு போய் அவற்றுக்குத் துணை சேர வேண்டியதில்லை.

நம் மொழியில் 'பொட்டல்', 'தரிசு', 'புறம்போக்கு' என்றெல்லாம் சொற்கள் இருக்கின்றன. மரமில்லாத நிலம் வீணான நிலம் என்ற எண்ணம் அவற்றுக்குள் ஒளிந்திருக்கிறது. கிண்டிக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கரணைக்கு நேர்ந்ததும் இதுதான். வெள்ளத்தை உள்வாங்கி வைத்திருந்த சதுப்பை வீண் நிலம் என்று நினைத்தோம், ஒரு பகுதியில் நகரத்தின் குப்பையைக் கொட்டினோம், மீதியில் கட்டடம் எழுப்பினோம். 2022-இல் அது ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டபோது பழைய சதுப்பில் சிறு துண்டுதான் மிச்சமிருந்தது.

மரம் நட ஆசையா? உங்கள் தெருவில் நடுங்கள், பள்ளி வளாகத்தில் நடுங்கள், வேம்பும் நாவலும் புங்கனும் நடுங்கள். புல்வெளியைப் புல்வெளியாக விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. காட்டில் பட்டுப்போன மரத்தையும் உதிர்ந்த சருகையும் பார்த்து "சுத்தமே செய்வதில்லை" என்று குறைபடுகிறவர்கள் உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கிண்டியில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. நமக்கு அது இழப்பு. விழுந்த மரமோ வண்டுக்கும் கறையானுக்கும் காளானுக்கும் பல ஆண்டுச் சாப்பாடு. அந்த வண்டையும் கறையானையும் தேடி மரங்கொத்தியும் கொண்டலாத்தியும் வரும். பட்டுப்போய் நிற்கும் மரத்தின் பொந்தில் புள்ளி ஆந்தை குடும்பம் நடத்தும்.

சாரையைக் கொல்லாதீர்கள்

கிண்டிப் பக்கத்து வீடுகளுக்குப் பாம்பு வருவது அதிசயமில்லை. கிண்டியிலேயே 1972 முதல் பாம்புப் பண்ணை இருந்தும், அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களே வீட்டு வாசலில் பாம்பைக் கண்டால் தடியைத் தேடுகிறார்கள். அடிபட்டுச் சாவது பெரும்பாலும் சாரை. ஆளுயரத்துக்கும் மேல் வளரும், விறுவிறுவென்று ஓடும், பார்த்தால் யாருக்கும் பதற்றம் வரும். அதற்கு விஷம் கிடையாது. எலியைத் தின்று நமக்கு நன்மை செய்கிற பாம்பு. இரண்டு சாரைகள் பின்னிப் பிணைந்து நிமிர்வதைப் பார்த்து, சாரையும் நல்லபாம்பும் கூடுகின்றன என்று ஊரில் சொல்வார்கள். அவை பெரும்பாலும் பலம் பார்க்கும் இரண்டு ஆண் சாரைகள்.

பாம்பு தெரிந்தால் பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிட்டு, தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று மட்டும் கண் வைத்திருங்கள். வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ தகவல் கொடுங்கள். வாலைப் பிடித்து வீடியோ எடுக்கும் வீரம் வேண்டவே வேண்டாம். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான் போடுகிறார்கள். எந்தப் பாம்பு என்று கண்டுபிடிக்க அதைத் துரத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சிறிதாகத் தோன்றும் சில தவறுகளும் உண்டு. புள்ளிமான் ஆண்டுதோறும் உதிர்க்கும் கொம்பை நினைவுப்பொருளாக எடுத்து வருவது சட்டப்படி குற்றம். அது மண்ணில் கிடந்தால் அணிலும் எலியும் சுண்ணாம்புச் சத்துக்காகக் கொறிக்கும். வளர்த்துச் சலித்துப்போன வெளிநாட்டுச் சிவப்புக்காது ஆமையைக் காட்டுக் குளத்தில் 'விடுதலை' செய்வது அங்கே இருக்கும் மற்ற உயிர்களுக்குத் தண்டனை. பறவையைப் படமெடுப்பதற்காக அலைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் தவறுதான். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலைகிறது.

ஆறுமணிக்குருவி

கடைசியாகச் சொல்வது நானே செய்த தவறு. அக்டோபர் மாதத்தில் சென்னைக்கு ஒரு விருந்தாளி வரும். பச்சை முதுகு, இறகில் நீலத் திட்டு, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டியது போலக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. வடக்கிலிருந்து இரவோடு இரவாகப் பறந்து தெற்கே வலசை வரும் சிறு பறவை. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்று பெயர். களைத்து இறங்கும் நேரத்தில் கண்ணாடிச் சன்னலில் மோதி விழும், அல்லது காகங்கள் சூழ்ந்து கொத்தும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பின் மாடிப்படி அருகே ஒன்று விழுந்து கிடந்தது. வாயைத் திறந்தபடி இரைத்தது. தாகம் என்று நினைத்து, பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து அலகுக்குள் ஊற்றினேன். பறவையின் மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது என்பது எனக்கு அன்று தெரியாது. ஒருமுறை உடல் உதறியது. என் உள்ளங்கையிலேயே அதன் கழுத்து தொங்கிவிட்டது.

மறுபடி ஒன்று விழுந்தபோது, பக்கவாட்டில் துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் பழைய துண்டை விரித்து, பறவையை வைத்து மூடி, ஆள் நடமாட்டமில்லாத அறையில் வைத்தோம். தண்ணீர் இல்லை, சோற்றுப்பருக்கை இல்லை, எட்டிப் பார்த்தலும் இல்லை. காவலாளி அண்ணன் இரண்டு முறை "திறந்து பார்க்கலாமா சார்?" என்று கேட்டார், வேண்டாம் என்றேன். மோதிய அதிர்ச்சி தெளிய இருட்டும் அமைதியும்தான் மருந்து. சிறகு தொங்கினாலோ ரத்தம் கசிந்தாலோ தாமதிக்காமல் வனத்துறைக்குத் தெரிவித்துவிட வேண்டும். இதற்கு அப்படி எதுவும் இல்லை.

பொழுது சாயும் முன் பெட்டியைக் கொல்லைப்புறத்துக்கு எடுத்துப் போனோம். நாங்கள் கூட்டாமல் விட்டு வைத்திருந்த மாமரத்துச் சருகு அங்கே கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. அந்தப் பறவை பூச்சியும் புழுவும் தேடுவது அப்படிப்பட்ட சருகுக்குள்தான். மூடியைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றோம். சற்று நேரம் அசைவே இல்லை. பிறகு தத்தி வெளியே வந்தது, அலகால் ஒரு சருகைப் புரட்டியது, இன்னொன்றைப் புரட்டியது, மதிலோரப் புதருக்குள் போய்விட்டது.