ஐப்பசி மழைக்கு முன் விடுதியைக் காய்ச்சலுக்குத் தயார்ப்படுத்துவது எப்படி?

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் மாணவியர் விடுதி வார்டனாக இருக்கிறேன். குற்றாலத்துச் சாரல் எங்கள் பக்கம் காற்றாகத்தான் வந்து சேரும். இங்கே மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். ஃப்ளூ காய்ச்சல் கூடுவதும், நவம்பர் பருவத் தேர்வு வருவதும் அதே நாட்களில். ஆகவே கீழே சொல்லும் வேலைகளைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

மருந்து வாங்குவதற்கும் முன்னால் வருகைப் பதிவைச் சரிசெய்ய வேண்டும். 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வெழுத முடியாது என்று பயந்து, பாராசிட்டமால் ஒன்றை விழுங்கிவிட்டு வகுப்பில் போய் உட்காரும் பெண்ணை எந்தக் கிருமிநாசினியும் தடுக்காது. விடுதிக் காய்ச்சல் பதிவேட்டில் பெயர் இருந்தால் அந்த நாட்கள் வருகையில் கழிக்கப்படாது, தவறிய உள்மதிப்பீட்டுத் தேர்வு பிறகு நடத்தப்படும் என்று முதல்வரிடம் எழுத்திலேயே சுற்றறிக்கை வாங்குங்கள். மருத்துவச் சான்றிதழ் கேட்காதீர்கள். ஒரு தாளுக்காகக் காய்ச்சல்காரியை ஆஸ்பத்திரி வரிசையில் நிறுத்துவது அவளுக்கும் கெடுதல், வரிசையில் நிற்பவர்களுக்கும் கெடுதல். பொய் சொல்லி விடுப்பு எடுப்பார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். ஓரிருவர் எடுக்கட்டும்; மற்ற எல்லோரும் உண்மையைச் சொல்வார்கள் என்றால் அது எனக்குப் போதும்.

பதிவேடு எளிதாக இருக்கட்டும்: பெயர், அறை எண், காய்ச்சல் தொடங்கிய நாள், காலை மாலை வெப்பநிலை. மாடிக்கு ஒரு மாணவி பொறுப்பு, அவளிடம் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். கிருமி தொற்றி ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் காய்ச்சல் தெரியும். தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அது பிறருக்குப் பரவும். ஆகவே ஓர் அறையில் ஒருத்தி படுத்தால் அறைத்தோழிகள் மூவரையும் நான்கு நாட்கள் கவனியுங்கள். ஒரே மாடியில் அடுத்தடுத்து மூன்று நான்கு பேர் என்றால் காத்திருக்க வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

தரைத்தளத்தில், கழிப்பறை ஒட்டிய இரண்டு அறைகளை இப்போதே காலிசெய்து வையுங்கள். கட்டிலுக்குக் கட்டில் ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும். இரண்டு அறை ஏன் என்றால், இதே மழையில்தான் நமக்கு டெங்குவும் வருகிறது. ஃப்ளூ என்றால் பெரும்பாலும் இருமலும் தொண்டை வலியும் சேர்ந்திருக்கும். இருமலே இல்லாமல் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி என்றால் டெங்குவாக இருக்கலாம். அவளைக் கொசுவலைக்குள் தனியே படுக்கவைத்து ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். எந்தக் காய்ச்சல் என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டுமே. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம், டெங்குவில் ரத்தக்கசிவை அவை கூட்டிவிடும்.

ஜன்னல் விஷயம் எளிதாகத் தோன்றும். எனக்கு அதுதான் பெரும்பாடு. ஃப்ளூவுக்குக் காற்றோட்டம் வேண்டும். கொசுவுக்குப் பயந்து பிள்ளைகள் ஆறு மணிக்கே எல்லாவற்றையும் சாத்திவிடுவார்கள். மழை நாளில் ஈரத்துணியையும் அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடுவார்கள். ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கத்துவதைவிட நைலான் கொசுவலை அடித்துக் கொடுப்பது மேல். துணி காயப்போட மாடியில் தகரக் கூரை போட்டுக் கொடுங்கள். இந்த இரண்டுக்கும் ஆகும் செலவுக்காக நிர்வாகத்திடம் தயங்காமல் வாதாடுங்கள்.

மெஸ் அண்ணாச்சியோடு உட்கார்ந்து பேசுங்கள். நோயாளிக்கு அரிசிக் கஞ்சி, பருப்புத் துவையல், மிளகு ரசம், சுக்கு வெந்நீர் என்று முடிவாகட்டும். அவர்களுடைய தட்டும் தம்ளரும் தனி. சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். தண்ணீர்த் தொட்டியருகே பொதுத் தம்ளரை எடுத்துவிடுங்கள். கை கழுவும் இடத்தில் சோப்புத் தீராமல் பார்ப்பது ஒருவருடைய பெயரிட்ட வேலையாக இருக்கட்டும்.

முதல் காய்ச்சல் தெரிந்ததும் விடுதியைக் காலிசெய்யச் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. காய்ச்சலோடு சங்கரன்கோவில் பஸ்ஸில் நெருக்கியடித்துப் போகிற பெண், வீட்டில் 70 வயது ஆச்சிக்கும் கர்ப்பிணி அக்காவுக்கும் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஃப்ளூ ஆபத்தாவது அவர்களுக்குத்தான். பெற்றோர் வண்டியோடு வந்து, வீட்டில் தனியறையும் இருந்தால் அனுப்பலாம். மற்றவர்கள் நம்மிடமே இருக்கட்டும். பாராசிட்டமால் இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்த பிறகு வகுப்புக்குப் போகலாம்.

மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, பேச்சுத் தடுமாறுவது, விட்ட காய்ச்சல் மறுபடி ஏறுவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 108க்கு அழைத்து ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) அனுப்புங்கள், இரவு இரண்டு மணியானாலும். ஆஸ்துமா, சர்க்கரை, இதயக் கோளாறு உள்ள மாணவியரின் பட்டியலைச் சேர்க்கையின்போதே எழுதி வாங்குங்கள். அவர்களுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ஃப்ளூ வைரஸுக்கான ஓசெல்டமிவிர் மருந்தைக் காய்ச்சல் தொடங்கிய முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆண்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். அந்தப் பட்டியல் மாணவியருக்கும், சமையல்காரர், துப்புரவுப் பணியாளர், காவலர் ஆகியோருக்கும் முதலில்.

தீபாவளி முடிந்து பிள்ளைகள் திரும்பும் நாளில் பதிவேட்டோடு வாசலிலேயே உட்காருங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று கேளுங்கள். அடுத்த நான்கு நாட்களுக்கு விடுதி விழா, கூட்டுப் பிரார்த்தனை, கலையரங்கக் கூட்டம் எதுவும் வேண்டாம்.